கிணற்றடிக் கம்ப்யூட்டர் பேச மறுத்தால்...

நள்ளிரவில் டார்ச் விளக்கும் கையுமாகக் கிணற்றடிக்குச் சென்று மோட்டார் போட்ட காலம் மெல்ல மாறி வருகிறது. செல்போன் மூலம் இயங்கும் ஸ்டார்ட்டர்கள் பல தோட்டங்களுக்கு வந்துவிட்டன. பாலிடெக்னிக், பொறியியல் படித்த பிள்ளைகள் உள்ள சில வீடுகளில் ஒரு படி மேலே சென்று, ராஸ்பெரி பை என்னும் சிறு கம்ப்யூட்டரை மோட்டார் கொட்டகையில் பொருத்துகிறார்கள். கிணற்று நீர்மட்டம், மண்ணின் ஈரம், மோட்டார் ஓடிய நேரம் ஆகியவற்றை இது வீட்டிலுள்ள செல்போனுக்குத் தெரிவிக்கும். செல்போனில் இடும் கட்டளைப்படி மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் செய்யும்.

இந்த ஏற்பாட்டில் அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள வைஃபை எனப்படும் கம்பியில்லாத் தொடர்பு திடீரென்று அறுந்து போகிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படி நேர்ந்தால், 'நிறுத்து' என்று எத்தனை முறை கட்டளை இட்டாலும் மோட்டார் நிற்காது. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள தண்ணீரே. தண்ணீர் இறங்கிய பிறகும் மோட்டார் ஓடினால் காயில் கருகிவிடும். மோட்டாரை மேலே தூக்கி, ரீவைண்டிங் செய்து, மீண்டும் இறக்கும் வரை பயிர் வாடும். செலவும் ஆயிரக் கணக்கில் ஆகும்.

தொடர்பு அறுந்தவுடன் கருவியே கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிது வாங்குவோர் உண்டு. பெரும்பாலும் அது தேவைப்படாது. வரிசையாகச் சோதித்தால் குறை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தொடர்பு அறுந்தாலும் மோட்டாருக்குக் கேடு வராதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்து கொள்ளவும் முடியும்.

கருவியைப் பற்றிச் சில விவரங்கள்

ராஸ்பெரி பை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் உருவாக்கப்பட்டது. மாணவர்கள் கம்ப்யூட்டர் பயில வேண்டும் என்பதற்காக 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. வழக்கமான மாடலின் பலகை சுமார் 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. முதலில் வந்த மாடல்களில் வைஃபை கிடையாது. 2016இல் வந்த 'பை 3' மாடலில்தான் வைஃபை பலகையிலேயே சேர்க்கப்பட்டது. இதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. கட்டளைகளும் விவரங்களும் ஒரு மெமரி கார்டில் பதிந்திருக்கும்.

முதலில் குறை இருக்கும் இடத்தைக் காண்க

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால், கிணற்றில் நீர் இல்லையா, வாய்க்கால் உடைந்ததா, மடை அடைபட்டதா என்றுதான் பார்க்கிறோம். இங்கும் அப்படியே மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, கொட்டகையிலுள்ள கம்ப்யூட்டர். இரண்டு, இடையிலுள்ள வெளி. மூன்று, வீட்டில் இருந்து வைஃபையை அனுப்பும் ரௌட்டர் பெட்டி.

இதற்குத் தனிக் கருவி தேவையில்லை, செல்போனே போதும். செல்போனை ராஸ்பெரி பை இருக்கும் இடத்திலேயே வைத்து, வீட்டு வைஃபை அங்கே கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். செல்போனுக்கும் கிடைக்கவில்லை என்றால் குறை ரௌட்டரிலோ இடைவெளியிலோ உள்ளது; கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம். செல்போனுக்கு நன்றாகக் கிடைத்து, கம்ப்யூட்டர் மட்டும் பேசவில்லை என்றால் குறை கம்ப்யூட்டரின் பக்கம். வைஃபை கிடைக்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்றால் ரௌட்டருக்கு மேலே குறை. சிம் கார்டு போட்ட ரௌட்டராக இருந்தால், ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

மின்சாரமே முதல் சந்தேகம்

வைஃபை அறுந்தால் எல்லோரும் வைஃபையையே பார்க்கிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். ராஸ்பெரி பை 5 வோல்ட் மின்சாரத்தில் இயங்குகிறது. அது 4.63 வோல்ட் அளவுக்குக் கீழே இறங்கினால் கம்ப்யூட்டர் தடுமாறத் தொடங்கும். வைஃபை விட்டு விட்டு வரும். சில சமயம் கம்ப்யூட்டரே தானாக நின்று மீண்டும் தொடங்கும்.

பழைய செல்போன் சார்ஜரையும் மெல்லிய, நீளமான ஒயரையும் பயன்படுத்துவதே இதற்குப் பொதுவான காரணம். 'பை 3' மாடலுக்கு 2.5 ஆம்பியர், 'பை 4' மாடலுக்கு 3 ஆம்பியர், 'பை 5' மாடலுக்கு 5 ஆம்பியர் தரக்கூடிய சார்ஜர் பொருத்துவது நலம். ஒயர் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும். 'பை 3', 'பை 4' மாடல்களில் உள்ள சிவப்பு விளக்கு விடாமல் எரிய வேண்டும். அது அணைந்து அணைந்து எரிந்தால் மின்சாரம் போதவில்லை என்று அறியலாம். வீட்டு டி.வி.யை ஒரு முறை இணைத்துப் பார்த்தால், திரையில் மின்னல் குறியோ குறைந்த வோல்டேஜ் எச்சரிக்கையோ தோன்றுவதும் இதற்கு அடையாளம்.

மோட்டார் கொட்டகைக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. மோட்டார் கிளம்பும் நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது. அப்போது லைனில் வோல்டேஜ் இறங்குகிறது. மோட்டார் கிளம்பும்போதெல்லாம் தொடர்பு அறுகிறது என்றால் காரணம் இதுவாகவே இருக்கும். இதற்குக் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு சிறு பேட்டரி ஏற்பாடு செய்து கொள்வது நல்லது. 12 வோல்ட் பேட்டரியும், அதை 5 வோல்ட்டாக்கும் கன்வெர்ட்டரும் இருந்தால் போதும். பவர் பேங்க் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டும். சில பவர் பேங்குகள் கரண்ட் போகும்போதும் வரும்போதும் ஒரு நொடி வெளியீட்டை நிறுத்திவிடும். அந்த ஒரு நொடியே கம்ப்யூட்டரை நிறுத்தப் போதும்.

பயிர் வளர வளரத் தொடர்பு தேயும்

கருவியைப் பொருத்திய நாளில் நன்றாக இருந்த தொடர்பு மூன்று நான்கு மாதம் கழித்துக் குறைகிறது என்றால், இடையே நிற்கும் பயிரைப் பார்க்க வேண்டும். வைஃபை அலைகளைத் தண்ணீர் உறிஞ்சும் தன்மை உடையது. பச்சை இலை என்பது பெரும்பகுதி தண்ணீரே. கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்ததும், வாழை இலை விரித்ததும் வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே ஒரு தடுப்புச் சுவர் எழும்பியது போல் ஆகிறது. மழை பெய்து இலை நனைந்திருக்கும்போது நிலைமை மேலும் மோசமாகும். கருவியில் எந்தக் குறையும் இராது.

இதற்குப் பரிகாரம் உயரம். ரௌட்டரை வீட்டுக்குள் அலமாரியில் வைக்காமல், கொட்டகையை நோக்கிய ஜன்னல் ஓரத்தில் உயரமாக வைக்க வேண்டும். கொட்டகையிலும் கம்ப்யூட்டரைத் தரையோரம் வைக்காமல் கூரையை ஒட்டி மாட்டலாம். ஏரியல் உள்ள யு.எஸ்.பி. வைஃபை கருவி ஒன்றை வாங்கி, ஒயர் மூலம் நீட்டிப் பயிரின் உயரத்துக்கு மேலே பொருத்தினால் நல்ல பலன் கிடைக்கும். ராஸ்பெரி பைக்கு ஏற்றது தானா என்று கேட்டு வாங்குவது அவசியம்.

வைஃபையின் வலிமை டெசிபல் கணக்கில், கழித்தல் எண்ணாகக் காட்டப்படும். கழித்தல் 50 என்றால் மிக நல்லது. கழித்தல் 70 என்றால் சுமார். கழித்தல் 80க்கு மேல் போனால் தொடர்பு நிலைக்காது. விதைப்பின்போது ஒரு முறையும், பயிர் முழு உயரம் அடைந்ததும் ஒரு முறையும் இந்த எண்ணைக் குறித்து வைத்தால் மாற்றம் தெரியும்.

வீடு 100 மீட்டருக்குள் இருந்தால் லேன் ஒயர் இழுத்துவிடலாம். வைஃபையைவிட நம்பகமானது ஒயரே. அதைப் பைப்புக்குள் விட்டுப் புதைத்தால் எலி கடிக்காது. இடி மின்னலால் வரும் அதிக மின் அழுத்தம் ஒயர் வழியே கருவிகளைத் தாக்கக்கூடும் என்பதால் இரு முனைகளிலும் தடுப்புக் கருவி வைப்பது அவசியம்.

இரும்புப் பெட்டி வேண்டாம்

எலி, பல்லி, தூசிக்குப் பயந்து கம்ப்யூட்டரை ஸ்டார்ட்டர் இருக்கும் தகரப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடுகிறார்கள். ராஸ்பெரி பையின் ஏரியல் பலகையிலேயே பதிந்துள்ளது. உலோகப் பெட்டி அலையை உள்ளே விடாது. பிளாஸ்டிக் பெட்டியே ஏற்றது. யு.எஸ்.பி. 3 வகை ஹார்டு டிஸ்க்கையும் அதன் ஒயரையும் பலகைக்கு அருகில் வைக்கக் கூடாது. அவை எழுப்பும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும்.

இரு வகை அலைகள்

இன்றைய ரௌட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரு வகை அலைகளை அனுப்புகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரையும் மரத்தையும் தாண்டுவதில் 2.4 மேலானது. தோட்டத்துக்கு 2.4 தான் ஏற்றது. தவிர, 'பை 3 பி', 'ஜீரோ டபிள்யூ', 'ஜீரோ 2 டபிள்யூ' ஆகிய மாடல்களுக்கு 2.4 மட்டுமே தெரியும். புதிய ரௌட்டர் வாங்கி 5 மட்டும் வைத்துவிட்டால் இந்த மாடல்கள் அதைக் காணவே மாட்டா. 2.4 அலையில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் ஒன்றோடொன்று மோதாதவை. இவற்றில் ஒன்றை ரௌட்டரில் நிலையாக வைப்பது நல்லது.

கம்ப்யூட்டரில் நாடு எது என்று குறிப்பிடும் இடம் உண்டு. அங்கே இந்தியா என்று இருக்க வேண்டும். பல மாடல்களில் நாட்டைக் குறிக்கும் வரை வைஃபையே திறக்காது. அமெரிக்கா என்று இருந்தால் 12, 13 ஆகிய சேனல்களில் வரும் ரௌட்டர் அதற்குத் தெரியாது.

தூங்கும் வைஃபை

மின்சாரத்தை மிச்சப்படுத்த, வேலை இல்லாத நேரத்தில் வைஃபை பாகம் அரைத் தூக்கத்துக்குப் போகும்படி அமைக்கப்பட்டுள்ளது. பகலெல்லாம் நன்றாகப் பேசிய கம்ப்யூட்டர் பல மணி நேரம் சும்மா இருந்தபின் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இந்தத் தூக்கத்தை நிறுத்திவிடலாம். நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர் சேவ் என்ற இடத்தில் 3 என்றால் தூக்கம் உண்டு. 2 என்றால் இல்லை. கொட்டகையில் உள்ள கருவிக்கு 2 வைப்பதே சரி.

அதே அமைப்பில், தொடர்பு அறுந்தால் எத்தனை முறை மீண்டும் முயல வேண்டும் என்ற எண்ணும் உண்டு. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு எழுந்துவிடும். ரௌட்டர் எழச் சற்று நேரம் ஆகும். கம்ப்யூட்டர் சில முறை தட்டிப் பார்த்து ஓய்ந்துவிடக் கூடாது. அங்கே 0 என்று இட்டால் முடிவின்றி முயன்று கொண்டே இருக்கும்.

பழைய குறிப்பைப் பார்த்து அமைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த 'புக்வார்ம்' பதிப்பு முதல் ராஸ்பெரி பையின் வைஃபை அமைப்பு நெட்வொர்க் மேனேஜருக்கு மாறிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட வழிமுறைகள் பல இப்போது பலிக்காது.

கதவு எண் மாறிவிட்டதா?

சில சமயம் தொடர்பு அறுந்திருக்கவே இராது. ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவு எண் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்தபின் கம்ப்யூட்டருக்கு வேறு எண் கிடைத்திருக்கலாம். செல்போன் பழைய எண்ணையே தட்டிக் கொண்டிருக்கும். ரௌட்டரில் இந்தக் கம்ப்யூட்டருக்கென்று ஒரு எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டால் இத்தொல்லை தீரும். ரௌட்டரின் பெயரையோ பாஸ்வேர்டையோ வீட்டில் யாராவது மாற்றினார்களா என்றும் கேட்டுக் கொள்ள வேண்டும்.

கடிகாரத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

அதிகம் பேர் அறியாத குறை இது. 'பை 4' வரையிலான மாடல்களில், மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் இன்டர்நெட்டைக் கேட்டே மணியைத் தெரிந்து கொள்ளும். கரண்ட் வந்து வைஃபை வரவில்லை என்றால், நின்ற நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். மூன்று மணி நேரம் கரண்ட் போயிருந்தால் அதன் கணக்கு மூன்று மணி நேரம் பிந்தியிருக்கும். காலை 5 மணிக்குப் பாய வேண்டிய தண்ணீர் 8 மணிக்குப் பாயும். பேட்டரியுடன் கூடிய டி.எஸ். 3231 என்ற சிறு கடிகாரப் பலகையைப் பொருத்தினால் இது தீரும். 'பை 5' மாடலில் கடிகாரம் உண்டு. ஆனால் அதன் பேட்டரியைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும்.

தானே எழுந்திருக்கப் பழக்கலாம்

ஒவ்வொரு முறையும் கொட்டகைக்கு ஓட வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரௌட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கலாம். பதில் இல்லை என்றால் வைஃபையை அணைத்து மீண்டும் போட வேண்டும். அதன் பிறகும் அரை மணி நேரம் பதில் இல்லை என்றால், மோட்டார் ஓடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு தன்னைத் தானே மீண்டும் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிட்டால் அதைத் தட்டி எழுப்பும் 'வாட்ச்டாக்' என்னும் காவல் பாகமும் பலகையிலேயே உள்ளது. அதை இயக்கி வைக்க வேண்டும். கையால் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுவது மெமரி கார்டைக் கெடுத்துவிடும். எதற்கும் இன்னொரு மெமரி கார்டில் நகல் எடுத்து வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

'ஓட்டு' என்று மட்டும் சொல்லக் கூடாது

எவ்வளவு கவனித்தாலும் கம்பியில்லாத் தொடர்பு என்றாவது ஒரு நாள் அறுந்தே தீரும். அன்று என்ன நடக்கும் என்பதே முக்கியம்.

பலர் 'ஓட்டு' என்று ஒரு கட்டளையும், பிறகு 'நிறுத்து' என்று ஒரு கட்டளையும் வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்காது. தண்ணீர் கட்டும் ஆளிடம் மடையைத் திறந்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு யாரும் ஊருக்குப் போவதில்லை. ஆறாவது பாத்தி நிறைந்ததும் அடைத்துவிடு என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் அப்படியே சொல்ல வேண்டும். '40 நிமிடம் ஓட்டு' என்று கட்டளையிலேயே நேரம் இருக்கட்டும். அந்த நேரத்தை எண்ணுவதும் நிறுத்துவதும் கொட்டகையிலுள்ள கம்ப்யூட்டரின் வேலை. அதன்பின் வைஃபை இருந்தாலும் போனாலும் 40 நிமிடத்தில் மோட்டார் நிற்கும்.

அந்தக் கம்ப்யூட்டரே நின்று போனால்? அது உயிரோடு இருக்கும் வரை மட்டுமே ரிலே சேர்ந்திருக்கும்படி, அது நின்றால் ரிலே பிரிந்து மோட்டார் நிற்கும்படி இணைக்க வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக, தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்கும் கருவி ஒன்றைக் கம்ப்யூட்டருக்குத் தொடர்பில்லாமல் ஸ்டார்ட்டரிலேயே பொருத்துவது கட்டாயம். மோட்டாரை நிறுத்தும் கடைசி அதிகாரத்தை வைஃபையிடம் ஒப்படைக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று ஃபேஸ் மின்சாரம் இருப்பதால் அந்த இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மூலமே செய்து கொள்ள வேண்டும்.

கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டு

தொடர்பு அறும் ஒவ்வொரு முறையும் தேதி, மணி, மோட்டார் ஓடியதா, கரண்ட் போய் வந்ததா, மழை பெய்ததா, பயிரின் உயரம் என்ன என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். பத்து வரி சேர்ந்ததும் காரணம் தானே புலப்படும். மோட்டார் கிளம்பும்போதே அறுகிறது என்றால் மின்சாரம். மழைக்குப் பின் அறுகிறது என்றால் இலை. கரண்ட் வந்தபின் அறுகிறது என்றால் கதவு எண் அல்லது ரௌட்டர். இரவில் சும்மா இருந்தபின் அறுகிறது என்றால் தூக்கம்.

பிள்ளை வேலைக்காக வெளியூர் போய்விட்டாலும், அந்த நோட்டைப் பார்த்துப் போனிலேயே வழி சொல்ல முடியும். கருவி வாங்குமுன் ஸ்டார்ட்டரில் தடுப்புக் கருவியையும், கட்டளையில் நேரத்தையும், சுவரில் நோட்டையும் ஏற்பாடு செய்து கொள்ளும் விவசாயிகள் மோட்டாரையும் பயிரையும் காப்பாற்றிக் கொள்ளலாம்.